கார்டு நம்பருக்கு டோக்கன் வந்தாச்சு... போன் நம்பருக்கும் ஆதாருக்கும் எப்போது?

ஆன்லைனில் ஒரு சட்டை ஆர்டர் செய்கிறீர்கள். பணம் கட்டும் பக்கத்தில் உங்கள் கார்டின் கடைசி 4 எண்கள் மட்டும் தெரிகின்றன. ‘நம்ம கார்டு நம்பர் முழுசும் இவங்ககிட்ட இருக்கு போல’ என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த நிறுவனத்திடம் உங்கள் கார்டு எண் இல்லை. 2022 அக்டோபர் 1 முதல், கார்டு கொடுத்த வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் முழு கார்டு எண்ணை அடுத்த முறைக்காகச் சேமித்து வைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கார்டு எண் இருந்த இடத்தில் இப்போது இருப்பது ‘டோக்கன்’.

அதே ஆப்பில் உங்கள் மொபைல் எண், வீட்டு முகவரி, மின்னஞ்சல் எல்லாமே இருக்கின்றன. அவற்றுக்கு இப்படி ஒரு கட்டாய டோக்கன் ஏற்பாடு எதுவும் இல்லை.

இங்கேதான் ஒரு விநோதம். கார்டு எண் கசிந்தால் வங்கிக்கு ஒரு போன் போட்டு பிளாக் செய்துவிடலாம். சில நாள்களில் புது எண்ணோடு புது கார்டு வீட்டுக்கு வந்துவிடும். பிறந்த தேதி கசிந்தால்? ஆதார் எண் கசிந்தால்? குடியிருக்கும் வீட்டின் முகவரி கசிந்தால்? கார்டைப் போலப் புதிதாக ஒன்றை வாங்கிக்கொள்ள முடியாது. மாற்றக்கூடியதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, மாற்றவே முடியாததைத் திண்ணையில் விட்டிருக்கிறோம்.

டோக்கன்னா என்ன?

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துப் பாருங்கள். செருப்பைக் கொடுத்தால் ஒரு வில்லை தருவார்கள். அதில் 47 என்று எழுதியிருக்கும். அந்த 47-ஐ வைத்துக்கொண்டு செருப்பு என்ன நிறம், என்ன சைஸ் என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. எண்ணுக்கும் செருப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எந்த எண்ணுக்கு எந்தச் செருப்பு என்பது அந்த ஸ்டாண்ட் நடத்துபவருக்கு மட்டும்தான் தெரியும். டோக்கனைசேஷன் என்பதும் இதுதான். உண்மையான எண்ணைப் பாதுகாப்பான ஓர் இடத்தில் வைத்துவிட்டு, அதற்குப் பதிலாக அர்த்தமில்லாத வேறொரு எண்ணை வெளியே புழங்கவிடுவது.

ஆனால், செருப்பு வில்லையைத் தொலைத்தால் அதைக் கண்டெடுத்தவர் போய்ச் செருப்பை வாங்கிவிடலாம். கார்டு டோக்கனில் அதற்கும் வழி இல்லை. உங்கள் கார்டு, டோக்கன் கேட்கும் நிறுவனம், நீங்கள் பொருள் வாங்கும் தளம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் ஒரு டோக்கன் உருவாகிறது. துணி வாங்கும் தளத்தில் இருக்கும் டோக்கனைத் திருடி, மளிகை ஆர்டர் செய்யும் தளத்தில் பயன்படுத்த முடியாது. ஒரே கார்டை 10 தளங்களில் சேமித்திருந்தால் 10 தனித்தனி டோக்கன்கள்.

பணம் கட்டும்போது பின்னணியில் நடப்பது சிம்பிள். தளம் டோக்கனை அனுப்புகிறது. கார்டு நெட்வொர்க் தன் பெட்டகத்தில் தேடி, ‘இந்த டோக்கனுக்கு இந்தக் கார்டு’ என்று கண்டுபிடித்து வங்கியிடம் கேட்கிறது. வங்கி ஓகே சொன்னால் ஆர்டர் கன்ஃபர்ம். கணக்குச் சரிபார்ப்புக்காக, கார்டின் கடைசி 4 எண்களையும் வங்கியின் பெயரையும் மட்டும் தளம் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் திரையில் பார்ப்பது அதைத்தான்.

பூட்டு வேறு, டோக்கன் வேறு

‘அதான் எல்லா கம்பெனியும் என்கிரிப்ஷன் பண்றோம்னு சொல்றாங்களே, அது போதாதா?’ என்று கேட்கலாம். போதாது என்பதற்கு அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் 2019-ல் நடந்த திருட்டே சாட்சி.

அந்த வங்கி தன் வாடிக்கையாளர் தகவல்களை அமேசானின் கிளவுடில் வைத்திருந்தது. இணையத்துக்கும் வங்கியின் சர்வர்களுக்கும் நடுவே நின்ற ஃபயர்வாலின் அமைப்பில் ஒரு பிழை. முன்பு அமேசான் கிளவுட் பிரிவில் வேலை பார்த்த ஒருவர் அந்தப் பிழை வழியாக உள்ளே புகுந்தார். அமெரிக்காவில் சுமார் 10 கோடி பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் தகவல்கள் வெளியே போயின. கிரெடிட் கார்டு கேட்டு விண்ணப்பித்தவர்களின் பெயர், முகவரி, போன் எண், பிறந்த தேதி, வருமானம் எல்லாம் அதில் இருந்தன.

அந்தத் தகவல்கள் என்கிரிப்ட் செய்யப்பட்டுத்தான் இருந்தன. ஆனால், உள்ளே நுழைந்த விதமே பூட்டைத் திறக்கும் வசதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது என்று வங்கியே ஒப்புக்கொண்டது. வீட்டுக்குள் வந்தவர் கையில் பீரோ சாவியும் கிடைத்தால் பூட்டு இருந்து என்ன பயன்?

தப்பித்தவையும் உண்டு. அமெரிக்கர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள், கணக்கு எண்கள் ஆகியவற்றை அந்த வங்கி தனியாக டோக்கனாக மாற்றி வைத்திருந்தது. அவற்றைத் திரும்ப மாற்றும் முறையும் சாவியும் வேறாக இருந்தன. அதனால் சமூகப் பாதுகாப்பு எண்களில் 99 சதவீதத்துக்கும் மேல் தப்பின என்று வங்கி சொன்னது. மாட்டிக்கொண்டவை சுமார் 1.4 லட்சம் சமூகப் பாதுகாப்பு எண்களும், சுமார் 80,000 வங்கிக் கணக்கு எண்களும். கனடா வாடிக்கையாளர்களின் சமூகக் காப்பீட்டு எண்களோ சுமார் 10 லட்சம் வெளியே போய்விட்டன.

ஒரே வங்கி, ஒரே திருட்டு. எந்தத் தகவல் டோக்கனாக இருந்ததோ அது பிழைத்தது. எது பூட்டிய நிலையில் அப்படியே இருந்ததோ அது போனது. கண்காணிப்பு அமைப்பு அந்த வங்கிக்கு 2020-ல் விதித்த அபராதம் 8 கோடி டாலர்.

நடுவில் நிற்கும் பிராக்ஸி

டோக்கன் என்றால் அதோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல் ‘பிராக்ஸி’. கல்லூரியில் நண்பனுக்காக ‘பிரசன்ட் சார்’ சொல்வதுதான் நமக்குத் தெரிந்த பிராக்ஸி. கிட்டத்தட்ட அதே வேலைதான் இதுவும்: ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்பது.

டாக்ஸி ஆப்கள் பலவற்றில் டிரைவர் உங்களை அழைக்கும்போது அவருடைய சொந்த எண் உங்களுக்குத் தெரியாது. உங்கள் எண்ணும் அவருக்குத் தெரியாது. நடுவில் ஓர் எண் நின்று இரண்டு பேரையும் இணைக்கிறது. பயணம் முடிந்ததும் அந்த இணைப்பும் முடிந்துவிடும். நள்ளிரவில் தனியாகப் பயணம் செய்யும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று விளக்க வேண்டியதில்லை.

நிறுவனங்களின் சர்வர்களுக்கும் இதே போல ஒரு நடுவர் உண்டு. நீங்கள் ஆப்பில் தட்டும் தகவல் நேராக நிறுவனத்தின் சர்வருக்குப் போகாமல் முதலில் பிராக்ஸிக்குப் போகும். அது உண்மையான எண்ணைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு டோக்கனை மட்டும் உள்ளே அனுப்பும். பிறகு கூரியர் நிறுவனத்துக்கு உங்கள் முகவரி தேவைப்படும்போது, வெளியே போகும் வழியில் டோக்கனை எடுத்துவிட்டு உண்மையானதை வைத்து அனுப்பும்.

இதனால் என்ன லாபம்? வாடிக்கையாளர் சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர், மார்க்கெட்டிங் டீமில் எக்ஸெல் ஷீட் தயாரிப்பவர், ஆப்பை டெஸ்ட் செய்யும் டெவலப்பர் என யாருமே உண்மையான எண்ணைப் பார்க்க மாட்டார்கள். பார்க்காததை யாரும் காப்பி எடுக்க முடியாது, வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்யவும் முடியாது. வெளியிலிருந்து வரும் ஹேக்கர்களைப் போலவே உள்ளே இருப்பவர்களின் கவனக்குறைவும் ஆபத்துதான். பிராக்ஸி இரண்டுக்கும் அணை போடுகிறது.

கார்டு தப்பியது, வீடு மாட்டியது

2021 மே மாதம். டோமினோஸ் இந்தியாவின் 18 கோடி ஆர்டர்களின் விவரங்கள் கசிந்துவிட்டன என்ற செய்தி பரபரப்பானது. போன் எண்ணைப் போட்டால் பெயர், மின்னஞ்சல், டெலிவரி முகவரி எல்லாம் வரும்படி யாரோ ஒரு தேடுதளத்தையே உருவாக்கி வைத்திருந்தார்கள்.

டோமினோஸை இந்தியாவில் நடத்தும் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ் நிறுவனம் கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுதான்: வாடிக்கையாளர்களின் நிதித் தகவல் எதுவும் போகவில்லை, கார்டு விவரங்களைச் சேமித்து வைப்பதில்லை என்பதே நிறுவனத்தின் கொள்கை.

அந்த விளக்கத்திலேயே பாடம் இருக்கிறது. சேமித்து வைக்காத தகவல் கசியவில்லை. சேமித்து வைத்திருந்த தகவல் கசிந்தது. ஆனால், பாதிக்கப்பட்டவர்களின் இடத்திலிருந்து பார்த்தால் ‘கார்டு போகவில்லை’ என்பது பாதி ஆறுதல்தான். ஒரு பெண்ணின் போன் எண்ணை மட்டும் வைத்திருக்கும் ஒருவர், அவர் எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க முடிந்தால், அந்த ஆபத்தை எந்த வங்கி பிளாக் செய்யும்?

போலி வங்கி அழைப்புகள், ‘உங்கள் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்ற மெசேஜ்கள், ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மிரட்டல்கள்... இவற்றுக்கெல்லாம் கார்டு எண் தேவையே இல்லை. பெயர், போன் எண், முகவரி போதும். உங்களைப் பற்றி எதிராளிக்கு எவ்வளவு தெரிகிறதோ, அவ்வளவு சீக்கிரம் நீங்கள் நம்புவீர்கள். மோசடிக்காரர்களின் முதலீடே அதுதான்.

ஆதாருக்கு ஏற்கெனவே இருக்கு... ஆனா?

ஆதாருக்கும் டோக்கன் உண்டு என்பது பலருக்கும் தெரியாது. ‘விஐடி’ எனப்படும் 16 இலக்க மெய்நிகர் அடையாள எண்ணை 2018-லேயே ஆதார் ஆணையம் அறிமுகப்படுத்தியது. ஆதார் எண் கேட்கும் சரிபார்ப்புக்கு இதைக் கொடுக்கலாம். இதிலிருந்து ஆதார் எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. வேண்டும்போது புதிதாக ஒன்றை உருவாக்கினால் பழையது செல்லாது.

நிறுவனங்களுக்கு இன்னொரு ஏற்பாடு. ஆதார் எண்களை வைத்திருக்க வேண்டியவர்கள் அவற்றைத் தனிப் பெட்டகத்தில் வைத்து, மற்ற இடங்களில் அதற்கான குறிப்பு எண்ணை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று 2017-ல் உத்தரவு வந்தது. அடுத்து 72 எழுத்துகள் கொண்ட டோக்கனும் வந்தது. ஒரே நபருக்கு ஒவ்வொரு நிறுவனத்திலும் இது வேறு வேறாக இருக்கும். அதனால் இரண்டு நிறுவனங்கள் தங்கள் பட்டியல்களை ஒன்றாக வைத்து ‘இவரும் அவரும் ஒரே ஆள்’ என்று பொருத்திப் பார்க்க முடியாது. யோசித்துச் செய்த நல்ல வடிவமைப்பு இது.

நடைமுறை? லாட்ஜில் ரூம் எடுக்கப் போனால் கவுன்ட்டரில் கேட்பது ஜெராக்ஸ். வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி அட்மிஷன் என எங்கே போனாலும் அதே ஜெராக்ஸ். ‘ஆதாரை வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க’ என்பது அன்றாட வாசகமாகிவிட்டது. விஐடி கொடுக்கிறேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் விழிப்பார்.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் ஜெராக்ஸை எல்லோரிடமும் கொடுக்காதீர்கள், முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்று ஓர் அறிவுரை வெளியிட்டது. இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது, வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதும் என்பது அரசு சொன்ன காரணம். சரியான அறிவுரைக்குக் கிடைத்த ஆயுள் 2 நாள்!

கார்டுக்கும் ஆதாருக்கும் உள்ள வித்தியாசம் தொழில்நுட்பத்தில் இல்லை. கார்டு விஷயத்தில் ‘வைத்திருக்கவே கூடாது’ என்று ரிசர்வ் வங்கி தேதி குறித்துச் சொன்னது. ஆதார் விஷயத்தில் நல்ல வசதிகளைக் கொடுத்துவிட்டு, தெருக்கோடி ஜெராக்ஸ் கடை வரை அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

‘முடியாது’ என்றார்கள்... முடிந்தது

எல்லாத் தகவல்களுக்கும் டோக்கன் என்று சொன்னால் நிறுவனங்கள் சொல்லும் பதில் தெரிந்ததுதான்: செலவு அதிகம், சிறிய நிறுவனங்களால் முடியாது, வாடிக்கையாளர்களுக்குச் சிரமம்.

கார்டுக்கும் இதே வாதங்கள் வந்தன. சேமிக்கக் கூடாது என்ற உத்தரவு முதலில் 2022 ஜனவரி 1 முதல் அமலாக வேண்டியிருந்தது. மாதாந்திரச் சந்தாக்கள், இஎம்ஐ, ரீஃபண்ட் எல்லாம் சிக்கலாகும் என்று நிறுவனங்கள் முறையிட்டன. ஜூன் 30 வரை அவகாசம் கிடைத்தது. பிறகு செப்டம்பர் 30 வரை இன்னொரு முறை. அதோடு நின்றது. வானம் இடிந்து விழவில்லை. 56 கோடிக்கும் மேற்பட்ட டோக்கன்கள் உருவாகி, அவற்றின் மூலம் 5 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் பரிவர்த்தனை நடந்திருப்பதாக 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொன்னது.

சிறிய நிறுவனங்களின் கவலையில் நியாயம் இருக்கிறது. 5 பேர் வேலை பார்க்கும் ஸ்டார்ட்அப் தனியாகப் பெட்டகம் கட்ட முடியாதுதான். ஆனால், கார்டு விஷயத்திலும் ஒவ்வொரு கடையும் பெட்டகம் கட்டவில்லையே! நெட்வொர்க்குகளும் வங்கிகளும் பேமென்ட் நிறுவனங்களும் அந்தச் சுமையை ஏற்றன. வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் உத்தரவிலேயே இருந்தது. அதே மாதிரிப் பொது ஏற்பாடு போன் எண்ணுக்கும் அடையாள எண்களுக்கும் சாத்தியமே.

அதே நேரம், டோக்கனை சர்வரோக நிவாரணி ஆக்கிவிடவும் கூடாது. ஓடிபி-யை நாமே வாய்விட்டுச் சொன்னால் எந்த டோக்கனும் காப்பாற்றாது. யுபிஐ மோசடியையும் இது தடுக்காது. எல்லாத் தகவலும் ஒரே பெட்டகத்தில் சேர்வதால் திருடர்களின் குறியும் அதன்மீதே இருக்கும். யார் எப்போது பெட்டகத்தைத் திறந்தார்கள் என்ற பதிவும், திறக்க யாருக்கு அனுமதி என்ற கண்டிப்பும் இல்லையென்றால் டோக்கன் வெறும் அலங்காரம். கேபிடல் ஒன் விஷயத்தில் நடுவில் காவலுக்கு நின்ற ஃபயர்வாலே வாசலாக மாறியதை மறக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் எடுக்க வேண்டிய பாதுகாப்பு நடவடிக்கைகளில் என்கிரிப்ஷன், தகவலை மறைத்துக் காட்டுவது ஆகியவற்றோடு, தரவுக்குப் பதிலாக ‘மெய்நிகர் டோக்கன்’ பயன்படுத்துவதையும் விதிகள் குறிப்பிடுகின்றன. உரிய பாதுகாப்பு எடுக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது.

நல்ல தொடக்கம். ஆனால், இதில் டோக்கன் என்பது பல வழிகளில் ஒன்று. ‘என்கிரிப்ட் பண்ணிட்டோம்’ என்று சொல்லி ஒரு நிறுவனம் அதோடு நின்றுகொள்ளலாம். கார்டுக்கு ரிசர்வ் வங்கி கேட்ட கேள்வி வேறு: ‘இந்தத் தகவல் உன்னிடம் ஏன் இருக்க வேண்டும்?’ ஆதார், பான், போன் எண், முகவரி ஆகியவற்றுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். கேஒய்சி போல சட்டப்படி வைத்திருந்தே ஆக வேண்டிய இடங்களில் தனிப் பெட்டகமும் டோக்கனும் கட்டாயமாக வேண்டும். சட்டத் தேவை இல்லாத இடங்களில் வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும். டெலிவரி முடிந்து மாதக்கணக்கில் ஆன பிறகும் ஒரு பீட்சாவுக்காகக் கொடுத்த முகவரி சர்வரில் என்ன செய்துகொண்டிருக்கிறது?

இப்போதே நீங்கள் செய்யக்கூடியவை

சட்டம் முழுமையாக வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

• உங்கள் கார்டுக்கு எந்தெந்தத் தளங்களில் டோக்கன் இருக்கிறது என்ற பட்டியலைக் காட்டவும், வேண்டாததை நீக்கவும் வங்கி வசதி தர வேண்டும் என்பது விதி. வங்கி ஆப்பில் கார்டு பகுதியில் தேடிப் பாருங்கள். மறந்தே போன தளங்கள் அதில் இருக்கலாம்.

• ஆதார் கேட்கும் இடத்தில் முதலில் விஐடி ஏற்பார்களா என்று கேளுங்கள். நகல்தான் வேண்டும் என்றால் எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் இணையதளத்திலேயே இரண்டும் இலவசமாகக் கிடைக்கும்.

• ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்று அதன்மேல் எழுதிக் கொடுங்கள்.

• சூப்பர் மார்க்கெட் பில்லிங்கில் போன் நம்பர் கேட்டால் ‘எதுக்கு?’ என்று கேளுங்கள். கொடுக்காமலே பில் போட முடியும்.

• நீங்களே ஒரு நிறுவனத்தில் டெக், மார்க்கெட்டிங், எச்ஆர் வேலையில் இருந்தால், கையில் இருக்கும் ஷீட்டில் எத்தனை பேரின் உண்மையான போன் எண் இருக்கிறது என்று பாருங்கள். அது உங்கள் வேலைக்கு நிஜமாகவே தேவையா?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. வாடிக்கையாளர் தகவலைச் சொத்தாகப் பார்க்கும் பழக்கம் பல நிறுவனங்களிடம் இருக்கிறது. எவ்வளவு சேர்க்கிறோமோ அவ்வளவு லாபம் என்ற கணக்கு. கசிவு நடக்கும் நாளில்தான் அது சொத்தல்ல, கடன் என்று புரியும். அந்தக் கடனுக்கான வட்டியைக் கட்டுவது நிறுவனம் அல்ல, போனை எடுத்து ‘ஹலோ’ சொல்லும் வாடிக்கையாளர்.

கையில் இல்லாததை யாரும் திருட முடியாது. கார்டு விஷயத்தில் தேதி குறித்ததால் அது நடந்தது. ஆதாருக்கும் போன் எண்ணுக்கும் முகவரிக்கும் அப்படி ஒரு தேதியை அரசு குறிக்க வேண்டும்.